விடுப்பு ஞானேஸ்வரியும் தங்கராசாவின் முயலும்

மாங்குளத்தில் மரம் அரிந்து விற்கும் மரக்காலைக்குப் பின்னால் போகும் குறுகிய ஒழுங்கையில் அவளை எல்லோரும் ‘விடுப்பு ஞானேஸ்வரி’ என்றுதான் சொல்வார்கள். ஊர்ச் சங்கதி அறிய அலைகிறவர்களுக்கு வைக்கிற பெயர் அது. உண்மையில் யார் வீட்டில் சண்டை, யாருக்கு எங்கே கலியாணம் பேசுகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே அல்ல. அவளுடைய விடுப்பு வேறு மாதிரியானது. முட்டை இல்லாத கூட்டில் கோழி ஏன் அடைகிடக்கிறது, மழை கொட்டினாலும் கறையான் புற்றுக்குள் ஏன் வெள்ளம் போவதில்லை என்று குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருமுறை வீட்டு றேடியோ பாடாமல் போனபோது, புருஷன் கந்தவனம் அதைச் சந்திக்குக் கொண்டுபோவதற்குள் இவள் கழற்றிப் பாயில் பரப்பிவிட்டாள். திரும்பப் பூட்டியபோது இரண்டு ஆணி மிஞ்சிவிட்டது. ஆனால் றேடியோ பாடியது.

விடிய எழும்பிச் சந்திக் கடைக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பாள். கந்தவனம் மரக்காலையில் வேலை. ஒரே மகள் முல்லைத்தீவில் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். அதனால் இடியப்பத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தபிறகு மிச்சப் பகல் முழுவதும் அவளுக்குச் சொந்தம்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு அறுவடைக் காலத்தில் அவளுடைய தம்பி தங்கராசா நெல் மூட்டை ஏற்றிய வண்டியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். அவனைப் பார்க்க ஞானேஸ்வரி கனகராயன்குளத்துக்கு பஸ் ஏறினாள். அங்கே ஒரு பின்னேரம் விறகு எடுக்க மாட்டுக்கொட்டிலின் பின்னால் போனபோதுதான் அந்தப் பழைய தேயிலைப் பெட்டியைக் கண்டாள். முன்பக்கத்தில் கம்பிவலை அடித்திருந்தது. உள்ளே ஈரச் சாக்கின்மேல் ஏதோ அழுக்குப் பஞ்சு மூட்டை மாதிரிக் கிடந்தது. குனிந்தாள். அது சிவந்த கண்ணால் அவளைப் பார்த்தது.

“மச்சாள், அதுக்குக் கிட்டப் போகாதேங்கோ, நாறும்” என்று குசினி வாசலிலிருந்து தம்பி மனைவி விமலேஸ்வரி கத்தினாள். “பிள்ளையின்ர முயல். இப்ப ஒண்டும் தின்னுறேல்லை. அது போற வழியிலதான் நிக்குது.”

ஞானேஸ்வரி வெள்ளை முயலை அதற்குமுன் கிட்ட நின்று பார்த்ததில்லை. அவள் கண்ட முயலெல்லாம் காட்டு முயல்தான். அதுவும் கந்தவனத்தின் சிநேகிதர்கள் காலைக் கட்டித் தூக்கிவரும்போது. அவள் ஒரு பிடி அறுகம்புல்லைப் பிடுங்கி வலை இடுக்கால் நீட்டினாள். போகிற வழியில் நின்றதாகச் சொன்ன அந்த முயல் தட்டுத்தடுமாறி ஓடிவந்தது. மூக்கு படபடவென்று துடித்தது. புல்லில் வாயை வைத்தது, தலையைச் சரித்தது, மற்றப் பக்கம் சரித்தது. புல் கீழே விழுந்தது. மீண்டும் வாயை வைத்தது. மீண்டும் விழுந்தது.

அவள் விறகை மறந்தாள். வலையைக் கழற்றி முயலை மடியில் தூக்கி வைத்து, பிளந்த மேலுதட்டைப் பெருவிரலால் மெல்ல ஒதுக்கினாள். கீழ்ப்பல் இரண்டும் வெளியே நீண்டு மூக்குவரை வளர்ந்திருந்தன. மேற்பல் உள்ளே வளைந்து, கிடாயின் கொம்புபோல அண்ணத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. இதை வைத்துக்கொண்டு ஒரு புல்லைக்கூடக் கடிக்க ஏலாது.

“தம்பி” என்று உள்ளே வந்தாள். “அது தின்னாமல் கிடக்கேல்லையடா. தின்ன ஏலாமல் கிடக்கு.”

தங்கராசா கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் நீட்டியபடி கிடந்தான். “பிள்ளை கண்டிக்குப் போன இடத்தில அழுது அடம்பிடிச்சு வாங்கினது அக்கா. இப்ப அவள் யாழ்ப்பாணத்தில விடுதியில இருந்து படிக்கிறாள். ஆர் அதைப் பாக்கிறது?”

“நீ பாக்கிறது.”

“நானே எழும்ப ஏலாமல் கிடக்கிறன்.”

“கால் முறிஞ்சது போன கிழமை. உந்தப் பல்லு எத்தினை மாதமா வளர்ந்திருக்கு?”

விமலேஸ்வரிதான் பதில் சொன்னாள்: “அப்ப நீங்களே கொண்டு போங்கோ மச்சாள். புண்ணியமாப் போகும்.”

பஸ்ஸில் பனையோலைக் கூடையை மடியில் வைத்து, மேலே துவாயால் மூடிக்கொண்டு ஞானேஸ்வரி வீடு வந்தாள். கந்தவனத்துக்கு இறைச்சி என்றால் உயிர். கூடையைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது.

“தம்பி தந்துவிட்டவனோ? என்ன இறைச்சி?”

“முயல். உயிரோட இருக்கு. பல்லு வெட்ட வேணும்.”

கந்தவனம் துவாயை விலக்கிப் பார்த்துவிட்டுக் கதிரையில் இருந்தான். “ஊர்ச்சனம் முயலைப் பிடிச்சுத் தின்னுது. நீர் முயலுக்குப் பல்லு வைத்தியம் பாக்கப் போறீரோ?”

அன்றைக்கு அவள் கஞ்சியைக் கரைத்து, மகள் குழந்தையாக இருந்தபோது பால் பருக்கிய சங்கால் கடைவாயில் ஊற்றினாள். முயல் முதலில் திமிறியது. பிறகு சங்கின் மூக்கைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சடைபிடித்த மயிரைப் பழைய சீப்பால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து எடுத்தாள். கையோடு ஒரு சோதனையும் செய்தாள். தையலூசியால் பல்லின் நுனியைத் தொட்டாள். முயல் அசையவில்லை. பல் முளைக்கும் முரசுக்குக் கிட்டத் தொட்டபோது வெடுக்கென்று தலையை இழுத்தது. அப்படியென்றால் நுனி நகம்போல; அதை வெட்டினால் நோகாது. ஆனால் எதால் வெட்டுவது? கந்தவனம் மரம் அரியும் வாளைக் கொண்டுவரவா என்று பகிடி பண்ணினான். முடிவெட்டுகிறவரின் கத்தரிக்கோல் பல்லைச் சிதைத்துவிடும். சின்னதாக, கூராக, வெட்டும் இடத்தை விட்டு வழுக்காமல் வெட்டுகிற ஆயுதம் யாரிடம் இருக்கிறது?

அடுத்த நாள் காலை அவள் சந்தியில் நகை செய்கிற ஐயாத்துரைப் பத்தரின் பட்டறை வாசலில் கூடையோடு நின்றாள்.

“தங்கச்சி, இது பொன் வெட்டுற குறடு” என்றார் பத்தர். “இதை முயலின்ர வாய்க்குள்ள வைக்கச் சொல்லுறியோ?”

“வெட்டச் சொல்லி நான் கேக்கேல்லை பத்தர். ஒருக்காப் பாருங்கோ. பாக்கிறதுக்குக் காசோ?”

பத்தர் கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டுப் பார்த்தார். பார்த்தவர் பார்த்துக்கொண்டே இருந்தார். “வளைவைப் பார். அச்சில வைச்சு வளைச்ச காப்பு மாதிரி” என்று முணுமுணுத்தார். “இதென்ன, மேற்பல்லுக்குப் பின்னால இன்னும் இரண்டு சின்னப் பல்லு?”

“எங்கே?” என்று ஞானேஸ்வரியும் குனிந்தாள். அதை அவள் கவனித்திருக்கவில்லை. முன்பல்லுக்குப் பின்னால் ஒளித்து வைத்ததுபோல இரண்டு குறும்பல். அவர்கள் இருவரின் தலையும் முட்டிக்கொண்டன. தோடு திருத்த வந்த ஒரு மனுஷி தன் முறைக்குக் காத்திருந்து அலுத்து, பிறகு தானும் வந்து எட்டிப் பார்த்தாள்.

அதன்பிறகு பத்தரை யாரும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. ஞானேஸ்வரி முயலைத் துவாயால் இறுக்கிச் சுற்றிப் பிடித்தாள். “இந்த இடத்துக்கு மேலதான். கீழ போனால் நோகும்” என்று ஊசியால் காட்டினாள். பத்தர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். டிக் என்றது. யானைத்தந்தத் துண்டு மாதிரி ஒன்று தெறித்துப் பொன் உருக்கும் உமிச்சட்டிக்குள் விழுந்தது. இரத்தம் இல்லை. மற்றப் பற்களையும் வெட்டி, அரத்தால் விளிம்பைத் தேய்த்துவிட்டார்.

முயல் வாயை மூடித் திறந்தது. தாடையை இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தது. ஞானேஸ்வரி கூடைக்குள்ளிருந்து ஒரு வத்தாளங்கிழங்குக் கொடி இலையை எடுத்து நீட்டினாள். இலையின் காம்பு முதலில் உள்ளே போனது; பிறகு இலை முழுவதும் நூல் உருண்டைக்குள் சுற்றப்படும் நூல்போல ஒரே சீராக இழுபட்டு மறைந்தது. பத்தர் கைகொட்டிச் சிரித்தார். “இன்னொண்டு குடு தங்கச்சி, இன்னொண்டு குடு!”

பல் திரும்ப வளர்ந்தது. அதுதான் ஞானேஸ்வரிக்குப் பெரிய அதிசயம். மற்றச் சீவன்களுக்குப் பல் விழுந்தால் விழுந்ததுதான். இதற்கு மட்டும் ஏன் கிணற்று ஊற்றுப்போல ஊறிக்கொண்டே இருக்கிறது? எதையாவது கடித்துத் தேய்க்காததால்தான் இப்படி நீளுகிறது என்று அவள் ஊகித்தாள். வெறும் பெட்டிக்குள் அதற்குக் கடிக்க என்ன இருந்தது? கந்தவனத்தைக் கொண்டு மரக்காலையிலிருந்து சின்னச் சின்ன மரத்துண்டுகள் எடுப்பித்தாள். முதிரையை முயல் மணந்துவிட்டு விலகியது. பாலைமரமும் சரிவரவில்லை. வேலிப் பூவரசங்கொப்பைப் போட்டபோது பட்டையை உரித்துத் தின்றது. கந்தவனம் முணுமுணுத்துக்கொண்டுதான் கொண்டுவந்தான். ஆனால் ஒருநாள் கேட்காமலே ஒரு வேப்பங்கொப்பும் கொண்டுவந்து, “இதையும் வைச்சுப் பாரும், என்ன செய்யுதெண்டு” என்றான். பல் கோணியிருந்ததால் முழுதாகத் தேயவில்லை. இடைக்கிடை பத்தரிடம் போக வேண்டியிருந்தது. முயல் கொழுத்தது. வெளுத்தது. முற்றத்தில் அவளுக்குப் பின்னால் திரிந்தது.

அடுத்த வருஷம் மாரிக்குச் சற்று முன் அது தன் நெஞ்சு மயிரைத் தானே பிடுங்கத் தொடங்கியது. ஞானேஸ்வரி திடுக்கிட்டாள். சொறியோ, புழுவோ என்று தோலை விரித்து விரித்துப் பார்த்தாள். தோல் சுத்தமாக இருந்தது. அன்று பகல் அது வைக்கோலை வாய்நிறையக் கவ்விக்கொண்டு பெட்டியின் மூலைக்கும் வாசலுக்குமாக ஓடியதைக் கண்டு, பக்கத்துக் காணியில் இருந்த ராக்காயியைக் கூப்பிட்டாள். எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தோட்டமொன்றை விட்டு வந்து, காடு வெட்டிக் கத்தரியும் மிளகாயும் வைத்திருந்தவள் ராக்காயி.

“அட, எங்க தோட்டத்துல கங்காணி வீட்டுல இதெல்லாம் வளத்தாங்கக்கா” என்றாள் ராக்காயி, எட்டிப் பார்த்த உடனே. “இது பொட்டை. குட்டி போடப் போற மொசலுதான் நெஞ்சு முடியப் பிடுங்கி மெத்தை போடும்.”

அதுவரை அதை ‘அவன்’ என்று சொல்லிக்கொண்டிருந்த ஞானேஸ்வரி வாயைப் பிளந்தாள். “கடுவன் இல்லாமல் எப்பிடி ராக்காயி?”

“அதாங்கா எனக்கும் வெளங்கல.”

செய்தி ஒழுங்கை முழுவதும் பரவியது. காட்டு முயல் வேலிக்குள்ளால் வந்து போயிருக்கும் என்றார்கள் சிலர். கந்தவனம் வேலியைச் சுற்றி வந்து ஓட்டை தேடினான். பத்தர் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து பார்த்துப் போனார். முயல் மூலையில் வெள்ளை மயிரால் பஞ்சுமெத்தை ஒன்று கட்டி, கிட்டப் போனவர்களை உறுமி விரட்டியது. முயல் உறுமும் என்பதும் அவளுக்குப் புதிது.

குட்டி வரவில்லை. சில நாள் காவல் இருந்த முயல் ஒரு காலையில் மெத்தையை மிதித்துக்கொண்டு வெளியே வந்து, ஒன்றும் நடவாததுபோல வேப்பங்கொப்பைக் கடித்தது.

“ஏமாந்து போச்சு போல” என்றாள் ராக்காயி.

“ஆர் ஏமாத்தினது? வேற ஆரும் இல்லையே. அதின்ர வயிறே அதை ஏமாத்தியிருக்கு” என்றாள் ஞானேஸ்வரி. வெறும் கூட்டில் அடைகிடக்கும் கோழி அவளுக்கு ஞாபகம் வந்தது. கேட்க இன்னும் நிறைய இருந்தது. சொல்ல ஆள் இல்லை. அந்த மெத்தையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். இன்னும் சூடாக இருந்தது. எறிய மனம் வராமல் திரும்ப அதே மூலையில் வைத்தாள்.

தங்கராசாவின் கால் சுகமாகி, ஒரு தைப்பொங்கல் கழிந்த கிழமை, அவன் இரண்டு சிநேகிதர்களோடு வந்து இறங்கினான். முற்றத்துப் பெட்டிக்குள் முயலைக் கண்டதும் அவனால் நம்ப முடியவில்லை.

“அக்கா, இது அந்த முயலோ? என்ன கொழுப்பு!” பிறகு சிநேகிதர்களைப் பார்த்துக் கண்ணடித்தான். “வந்ததும் வந்தம். பின்னேரத்துக்குக் கறிக்கு ஆச்சுது.”

பகிடியாக்கும் என்று ஞானேஸ்வரி நினைத்தாள். ஆனால் அவன் உண்மையாகவே பெட்டிப்பக்கம் நடந்தான்.

“தங்கராசா, அதில கை வையாதை.”

“ஏன் அக்கா? அது என்ர முயல்தானே. நான் காசு குடுத்து வாங்கினது.”

அப்போது கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த கந்தவனம் சால்வையால் துடைத்துக்கொண்டு வந்தான். வந்து பெட்டிக்கு முன்னால் நின்றான்.

“மச்சான், சோறு இருக்கு, பருப்பு இருக்கு, கருவாட்டுக் குழம்பு இருக்கு. இருந்து வயிறாரச் சாப்பிடுங்கோ. முயல் இல்லை.”

“அத்தான், நீங்களோ சொல்லுறியள்? நீங்கள் காட்டு முயலுக்கு எத்தினை மைல் நடந்த ஆள்!”

“இப்பவும் நடப்பன். அது வேற. இதுக்கு நான் வேப்பங்கொப்பு முறிச்சுக் குடுக்கிறனான்.”

தங்கராசா சாப்பிடாமல் போனான். பல மாதம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஞானேஸ்வரிக்கு அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது, கூடப்பிறந்தவன் ஒருவன்தான். அடுத்த ஆண்டுச் சித்திரை வருஷப் பிறப்புக்கு அவளே வெற்றிலையில் காசு வைத்துக் கைவிசேடம் கொடுக்கக் கனகராயன்குளம் போனாள். அவன் வெற்றிலையை வாங்கி, அதை மடித்தபடி, “இப்பவும் பல்லு வளருதோ?” என்று கேட்டான்.

“வளருது. வந்து பாரன்.”

வந்தான். பத்தரின் பட்டறையில் துவாயைப் பிடித்தது அந்த முறை அவன்தான். டிக் என்று சத்தம் வந்தபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். “மெய்யாவே நோகேல்லையோ?” என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தான்.

முயல் எண்பத்தைந்துவரை இருந்தது. அதற்குள் ஊரும் மாறியிருந்தது. எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பின் தெற்கிலிருந்து சனம் பெட்டியும் சட்டியுமாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. சந்தி இருட்டுமுன்பே வெள்ளென அடங்கியது. பத்தர் பொன் வேலை குறைந்து பட்டறையைப் பாதிநாள் பூட்டினார். ஞானேஸ்வரி முயலுக்கு வத்தாளங்கொடி வைப்பதை விடவில்லை. கடைசியில் ஒரு காலை அது வேப்பங்கொப்பின் பக்கத்தில் காலை நீட்டிக் கிடந்தது. நோய் என்று ஒன்றும் இல்லை, வயதுதான்.

கந்தவனம் வீட்டின் பின்னால் கோடிப்புறத்தில் ஆழமாக வெட்டிப் புதைத்தான். நாய் கிளறாதிருக்க மேலே பாலைக் கட்டை ஒன்றையும் உருட்டி வைத்தான். பின்னேரம் அவள் தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தையே பார்த்தபடி இருந்தாள். அவன் பக்கத்தில் வந்து இருந்தான்.

“அழுறீரோ?”

“இல்லை. யோசிக்கிறன்.”

“என்ன?”

“செத்தபிறகும் பல்லு வளருமோ எண்டு.”

கந்தவனத்துக்கு இவளைத் தெரியும். “கட்டையை விலக்கித் தரவோ?” என்றான்.

ஞானேஸ்வரி தலையை ஆட்டினாள். “வேண்டாம். அது கிடக்கட்டும்.”

தேத்தண்ணீர் ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்துவிட்டு, நாளைக்கு இடியப்பத்துக்கு மா வறுக்க எழும்பினாள்.