அடைத்த அறைக்கு வாடகை

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் கருப்பாயி குடியிருந்த வீட்டில் மெச்சிக்கொள்ள இரண்டு விஷயங்கள்தான் உண்டு. அது தரைத்தளம், கதவு அகலமானது. கணவன் ரத்தினவேல் பக்கவாதத்தில் படுத்த பிறகுதான் இவை இரண்டும் எவ்வளவு பெரிய வசதி என்று அவளுக்குத் தெரிந்தது.

வத்தலக்குண்டுப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ரத்தினவேல் சிப்காட்டில் ஒரு ஃபவுண்டரியில் இரும்பு உருக்கி ஊற்றியவர். இப்போது வலது பக்கம் முழுக்க அசைவில்லை, பேச்சில்லை. மூக்குக் குழாய் வழியாகத்தான் கஞ்சி. மகள் ஸ்வாதி செல்போன் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தாள். அந்தச் சம்பளத்தில் வீடு ஓடியது. கருப்பாயி நேரம் தவறாமல் அவரைப் புரட்டிப் படுக்கவைத்தாள். குதிகால் மெத்தையில் அழுந்தாமல் துணியைச் சுருட்டி முட்டுக் கொடுத்தாள். வந்து பார்த்த நர்சு, முதுகில் ஒரு புண்கூட இல்லையே என்று ஆச்சரியப்பட்டுப் போனாள்.

ஐப்பசி மாதம் ஓனர் நாராயணப்பன் வந்து வாசலில் நின்றார். உள்ளூர்க்காரர். நிலத்தை விற்று இந்தக் கட்டடத்தைக் கட்டியவர்.

"கருப்பாயம்மா, மேல ரெண்டு வீடும் காலி ஆயிடுச்சு. கம்பெனிப் பொண்ணுங்களுக்கு ஹாஸ்டல் போட விமல்ராஜ்னு ஒருத்தர் கேக்கறாரு. கீழயும் சேர்த்துக் குடுத்தாத்தான் எடுப்பாராம். தலைக்கு இவ்ளோன்னு வாடகை."

"நாங்களும் கூடக் குடுக்கோம்ண்ணே."

"எட்டுப் பொண்ணுங்க குடுக்கறத நீ ஒருத்தி குடுப்பியா? கட்டில் மேல கட்டில் போடறாங்கம்மா. நானே பார்த்தேன், ரயில் பெட்டியாட்டம் இருக்குது."

அன்று முதல் கருப்பாயி வீடு தேடினாள். ஓசூரில் காலியாக இருந்ததெல்லாம் மாடிதான். படிக்கட்டு திரும்புகிற இடத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது என்று பார்த்ததுமே தெரிந்தது. தரைத்தளம் கிடைத்த இடங்களில் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். வீட்டுக்காரருக்கு உடம்புக்கு என்ன? முதலில் உண்மையைச் சொன்னாள். பிறகு கால் முறிவு என்று பொய் சொன்னாள். அந்தப் பொய்யை நம்பிய சாந்தம்மா என்ற வீட்டுக்காரி, முன்பணம் வாங்குவதற்கு முன் ஆளைப் பார்த்துவிட்டுப் போக வந்தாள். மூக்குக் குழாயையும் மூத்திரப் பையையும் பார்த்தாள்.

"கால் முறிஞ்சவருக்கு மூக்குல எதுக்கும்மா குழாய்?" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டே, "தப்பா நினைக்காத. நம்ம வீட்ல ஏதாவது ஆயி, அது அடைப்பு நட்சத்திரமா இருந்துட்டா, ஆறு மாசம் வீட்ட மூடணும். அப்புறம் எவனும் குடி வரமாட்டான்" என்றாள்.

கருப்பாயிக்குக் கோபம் வரவில்லை. இதுவரை பார்த்தவர்களில் உள்ளதை உள்ளபடி சொன்னவள் இவள் ஒருத்திதான். சில நட்சத்திரங்களில் சாவு விழுந்தால் அந்த இடத்தை மாதக்கணக்கில் அடைத்துப்போடுவது அவள் ஊரிலும் வழக்கம்தான்.

வாடகைக்குச் சட்டம் இருக்கிறது என்று ஸ்வாதி சொன்னதால், ஒரு நாள் வாடகை அலுவலகத்துக்கும் போனாள். அங்கிருந்தவர் பொறுமையாகவே பேசினார்.

"இஷ்டத்துக்கு ஏத்த முடியாது, திடீர்னு வெளிய தள்ள முடியாது. எல்லாம் சட்டத்துல இருக்கும்மா. ஒப்பந்தம் பதிவு பண்ணியிருக்கீங்களா?"

"வாய்வார்த்தைதான் சார். எழுதித் தாரேன்னு ஓனரே சொன்னாரு. எங்க வீட்டுக்காரருதான், நமக்குள்ள எதுக்குப் பத்திரம்னுட்டாரு."

"அப்ப சட்டம் எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும், சொல்லுங்க."

திரும்பி வந்து நாராயணப்பன் வீட்டு வாசலில் உட்கார்ந்தாள். அழவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. அவருக்குத்தான் சங்கடமாகிவிட்டது.

"சரிம்மா. பங்குனி வரைக்கும் இரு. பழைய வாடகையே குடு. விமல்ராஜுக்கு நான் சொல்லிக்கறேன். ஆனா ஒண்ணு. கடைசி நேரம்னு தெரிஞ்சா ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடணும். என் வீட்ல வெச்சு ஆகக்கூடாது. சத்தியம் பண்ணு."

கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தாள். வேறு என்ன செய்வது?

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கஞ்சி ஊற்ற உட்கார்ந்தவள், அவர் மூச்சு நின்று நின்று வருவதைக் கவனித்தாள். போர்வையை விலக்கினாள். பாதம் சில்லிட்டு, முழங்காலில் நீலம் பூத்திருந்தது. கஞ்சியை எடுத்து மூடிவைத்தாள்.

"ஸ்வாதி, நூத்தியெட்டுக்குப் போன் போடு."

வண்டி வந்தது. சைரன் சத்தத்தில் நாராயணப்பனும் வாசல் கேட்டுக்கு வந்துவிட்டார். வண்டியில் வந்த பெண் நாடி பார்த்தாள், கண்ணில் விளக்கடித்துப் பார்த்தாள்.

"ஏத்தறதுன்னா ஏத்தறேன்மா. போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிரும். வீட்லயே வெச்சுக்கறதுன்னா உங்க இஷ்டம்."

கருப்பாயி ஏற்றச் சொன்னாள். ஸ்ட்ரெச்சரை உள்ளே கொண்டுவந்தார்கள். அத்தனை அகலமான கதவு. தடையே இல்லை. தூக்குவதற்காகக் கை கொடுத்தபோது ரத்தினவேலின் இடது கை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. அறிந்து பிடித்ததா, நரம்பு இழுத்ததா என்று யாரால் சொல்ல முடியும்? கருப்பாயி ஒவ்வொரு விரலாக எடுத்துவிடப் பார்த்தாள். இரண்டு விரலை எடுத்தாள். அதோடு நிறுத்திவிட்டாள்.

"வேணாம்மா. நீங்க போங்க."

"அம்மா, வீடு போயிரும்மா!" ஸ்வாதி அலறினாள். "நாம எங்க போறது?"

"தெரியல. பஞ்சை நனைச்சுக் கொண்டா. அப்பா ஒதடு காஞ்சிருக்கு."

கேட்டிலிருந்து நாராயணப்பன் கத்தினார். "ஏம்மா, கற்பூரத்துல கை வெச்சயே! மனுஷியா நீ?"

கருப்பாயி கதவைச் சாத்தினாள். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் கோத்த எச்சிலைத் துடைத்தாள். உச்சி வெயில் ஏறும் முன் எல்லாம் முடிந்தது. கண்ணை மூடிவிட்டு, குழாயை எடுத்தாள். உடம்பைத் துடைத்து வேட்டி மாற்றினாள். பிறகு தானே போய் கேட்டில் நின்றவரிடம் சொன்னாள்.

"போயிட்டாருண்ணே. உங்க வீட்லதான்."

அவர் பஞ்சாங்கம் பார்த்தார். சதயம். ஆறு மாத அடைப்பு.

காரியம் முடிந்த மறுநாள் அவளைக் காலிசெய்யச் சொல்ல வந்தவர், விமல்ராஜோடு போனில் பேசிக்கொண்டே வந்தார். அந்தப் பக்கக் குரல் வெளியே கேட்டது. "பொண்ணுங்க பயப்படுதுங்க சார். பெத்தவங்க அனுப்ப மாட்டாங்க. நான் வேற பில்டிங் பேசிட்டேன்."

நாராயணப்பன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மேலே இரண்டு வீடு காலி, கீழே சாவு வீடு. பார்க்கவே பாவமாக இருந்தது. கருப்பாயி அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். தீட்டு வீட்டுத் தண்ணீர் என்று அவர் வாங்கவில்லை.

"அண்ணே, அவரு படுத்திருந்த ரூமைப் பூட்டிருவோம். நானும் புள்ளையும் அடுப்படியில படுத்துக்கிறோம். ஆறு மாசமும் அந்த ரூம்ல பொழுது சாய விளக்கு வைக்கணும்ல, யாரு வைப்பா? நீங்க உள்ள போவீங்களா?"

அவர் அந்தக் கதவைப் பார்த்தார்.

"நான் வைக்கிறேன். முழு வீட்டு வாடகையும் குடுக்கேன், பழைய வாடகை. ஆனா ஒரு வருசத்துக்கு ஒப்பந்தம் எழுதி, ஆபீஸ்ல பதிவு பண்ணணும்."

"சாவு வீட்ல நின்னுக்கிட்டு பேரம் பேசறியே!"

"வேற எங்க நின்னு பேசுறது? அதுக்குத்தானே வீடு கேக்கேன்."

அவருக்கும் வேறு வழியில்லை. அந்த வாரமே அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே வந்ததும் நாராயணப்பன், பெருந்தன்மையாகப் பேசுவதாக நினைத்து, "உன் வீட்டுக்காரரு போகும்போது உனக்கு ஒரு வீட்டக் குடுத்துட்டுப் போனாரு" என்றார்.

"அவரு எதையும் குடுக்கலண்ணே. மூச்சு நின்னுச்சு, அவ்வளவுதான். அடைப்பு இல்லாத நாளா இருந்திருந்தா, நீங்க என்னைத் தெருவுலதானே விட்டிருப்பீங்க?"

நாராயணப்பன் வண்டியை உதைத்துக் கிளப்பினார். ஏறிக்கொள் என்று சொல்லவில்லை.

கருப்பாயி டவுன் பஸ்ஸில் நின்றபடி வந்தாள். ஒரு வருடம். அதற்குள் தெருவில் வாடகை எங்கே போய் நிற்குமோ. மாடியோ கீழோ, குறுகலான படியோ, இனி எந்த வீடும் தோதுப்படும். எது கிடைக்கும் என்பதுதான் தெரியவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வழியில் இறங்கி, விளக்குக்கு எண்ணெய் வாங்கிக்கொண்டு நடந்தாள்.