இரும்பனின் பதினோரு வெற்றிகள்

என் அக்கா வீட்டுக்காரரை ஊரில் எல்லோரும் ‘ஜாதகம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மனிதர்களுக்கு எழுதியவர் இல்லை, நாய்களுக்கு எழுதியவர். பிட்புல் ஜாதி நாய் வைத்திருக்கிறவர்கள் குட்டி போட்ட வாரமே அவரைத் தேடி வந்துவிடுவார்கள். அந்த மனிதரோடு முப்பத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அவரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்தான் தெரிந்தது.

மாமாவின் தொழில் எழுத்து வெட்டுவது. பரிசுக் கோப்பை, கேடயம், பித்தளைப் பெயர்ப்பலகை எல்லாவற்றிலும் கையாலேயே எழுத்து வெட்டுவார். மாடிக்கடையில் ஜன்னலோரம் ஒரு மேசை, மணல் அடைத்த தோல் மெத்தை, அதன் மேல் கோப்பை, வலது கண்ணில் பூதக்கண்ணாடி. நாய்க் கண்காட்சிக் கோப்பைகள் அவரிடம் வரும். அந்தப் பழக்கத்தில்தான் நாய்க்காரர்கள் வம்சாவளி எழுதவும் அவரிடமே வந்தார்கள். அப்பா அம்மா இரண்டு கட்டம், அதற்கு மேல் நான்கு, எட்டு, பதினாறு என்று மொத்தம் முப்பது கட்டம். ஜெயித்த நாயின் பெயர் சிவப்பு மையில். முத்து முத்தாக எழுதுவார். என் கல்யாணப் பத்திரிகை கூட அவ்வளவு லட்சணமாக இருந்ததில்லை.

சாப்பிட உட்கார்ந்தால் இந்த நாய்களின் கதைதான். இருநூறு வருடம் முன்னால் இங்கிலாந்தில் காளையைக் கட்டிப்போட்டு, அதன் மேல் நாய்களை ஏவி வேடிக்கை பார்த்தார்களாம். அரசாங்கம் அதைத் தடை செய்ததும், வெளியே தெரியாமல் நிலவறைகளில் நாயையும் நாயையும் மோதவிட ஆரம்பித்தார்களாம். காளையைப் பிடிக்கிற நாயின் பலமும் எலி பிடிக்கிற டெரியரின் வேகமும் ஒன்றாகச் சேரட்டும் என்று இரண்டையும் கலந்தார்கள். பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறியவர்களோடு நாய்களும் அமெரிக்கா போயின. அங்கே வளர்த்தவர்களின் பெயரிலேயே வம்சங்கள் கிளம்பின.

“சண்டைக் குழிக்குள்ள நாயோட மனுஷனும் நிப்பான். வெறுங்கையால புடிச்சு விலக்கணும். மனுஷனைக் கடிச்ச நாயை அன்னிக்கே கொன்னுடுவாங்க. அதனால நல்ல ரத்தத்துல மனுஷனைக் கடிக்கிற குணமே கெடையாது” என்பார் மாமா.

“ஜெயிக்கிற நாய் கடிச்சிருந்தாலும் கொன்னிருப்பாங்களா?” என்று அக்கா ஒரு தடவை கேட்டாள். மாமா தண்ணீர் குடித்தார்.

அவர் சொன்ன வம்சங்களிலேயே பெரிய வம்சம் இரும்பன் வம்சம். பதினோரு சண்டை, பதினோரு வெற்றி, ஒரு தோல்வி கிடையாது. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு காலத்தில் இருந்த நாயாம். எப்போது செத்தது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அது சண்டை போட்டதைப் பார்த்தவர்கள் வருடா வருடம் கூடிக்கொண்டே போனார்கள். காகிதத்தில் இரும்பன் பெயர் சிவப்பில் இருந்தால் போதும், அந்த நாயைப் பிடித்துக்கொண்டு போகிறவர் நடையே மாறிவிடும். நாய் என்னவோ வழக்கம் போல மூத்திரம் பெய்துகொண்டுதான் போகும்.

நான் கால்நடை மருத்துவமனையில் மருந்து கொடுக்கிறவள். போன மாதம், கரண்ட் மீட்டர் பார்க்க வந்த ஒரு மனிதரை, வீட்டுப் பின்பக்கம் கட்டாமல் விட்டிருந்த ஒரு பிட்புல் கவ்விவிட்டது. வலது கை. இரண்டு விரல்கள் போய்விட்டன. அந்த நாயை எங்களிடம்தான் இழுத்து வந்தார்கள். அதன் நெஞ்சு முழுக்க ரத்தம் காய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கிட்டே போகவே மனசு வரவில்லை. இருபது வருடமாக நாய்களின் வாய்க்குள் கை விட்டு மாத்திரை போட்டவள் நான்.

நாய்க்குச் சொந்தக்காரர் வம்சாவளியை நீட்டினார். இரண்டு கட்டத்தில் இரும்பன். சிவப்பு மை. மாமாவின் கையெழுத்து.

மறுநாள் செய்தித்தாளில் ‘கொலைகார ரத்தம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். அந்த வாரமே நகராட்சி உத்தரவு வந்தது. காகிதத்தில் இரும்பன் பெயர் இருக்கிற நாய் எதுவானாலும் பத்து நாளுக்குள் எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும், ஊசி போட்டுக் கொன்றுவிட வேண்டும். நாய்ச் சங்கத்தில் இருந்த நகல்களைப் பார்த்துப் பட்டியல் போட்டார்கள். கடித்த நாய் போக இருபத்து மூன்று நாய்கள். அதில் ஒன்று அக்காவின் மகள் வளர்க்கிற மெத்தை என்கிற நாய். அதோடு ஒரே வயிற்றில் பிறந்த இன்னொன்று, எங்கள் தெருமுனைப் பஞ்சர் கடைக்காரரின் சிட்டு.

இந்த இரண்டையும் நான் கண் திறக்காத குட்டியிலிருந்தே பார்த்தவள். மெத்தை பெயருக்கு ஏற்றாற்போல் நாள் முழுக்கப் படுத்துக் கிடக்கும். சிட்டு பஞ்சர் கடையில் பழைய டியூப் குவியல் மேல் தூங்கும். காற்றடிக்கிற மோட்டார் ஓடினால் எழுந்து அடுத்த கடைக்குள் ஓடிவிடும். தடுப்பூசி போடப் போனால் ஊசி குத்துகிற கையையே நக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை, மருத்துவமனைக் கதவைத் திறந்த கையோடு மாமா வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு துணிப்பை. என்னைப் பார்க்காமல் நேராக டாக்டரம்மா அறைக்குள் போனார். நான் ஊசித் தட்டோடு பின்னாலேயே போனேன்.

“டாக்டரம்மா, இரும்பன் சண்டையே போட்டதில்லைங்க” என்றார்.

டாக்டரம்மா டீ கிளாஸைக் கீழே வைத்தார். “என்ன சொல்றீங்க?”

மாமா பையிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து மேசை மேல் வைத்தார். ஒரு பக்கம் நசுங்கிய, கறுத்துப்போன கோப்பை. ‘இரும்பன். பதினோரு வெற்றி. தோல்வி இல்லை’ என்று வெட்டியிருந்தது. எழுத்துகள் கோணல்மாணலாக இருந்தன.

“தொழில் பழகும்போது வெட்டினது. ‘ற்றி’ன்னு வெட்டறதுதான் கஷ்டம், வளைவுல உளி வழுக்கிடும். அதைப் பழகத்தான் வெற்றின்னு போட்டேன். பேருக்கு எங்க வீட்டு நாய் பேரு. சும்மா தெரு நாய்ங்க. இடி இடிச்சா கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கும். குட்டிக்குக் கூட அப்பனானது கெடையாது.”

“பின்ன இந்த வம்சம்?”

“கடை அலமாரியில இந்தக் கோப்பையை வெச்சிருந்தேன். ஒரு நாய்க்காரர் பாத்துட்டு, இது யாரு நாய்னு கேட்டார். எங்க நாய்தான்னு சொன்னேன். அது உண்மைதானே? அவர் குட்டிக்குத் தாத்தா யாருன்னு தெரியல. அந்தக் கட்டத்துல இரும்பன் பேரைப் போடுங்கன்னு கேட்டார். போட்டுட்டேன். அப்புறம் கட்டம் காலியா இருக்குற காகிதத்தைப் பாத்தாலே மனசு ஒப்பாதுங்க. பல்லு போன வாய் மாதிரி இருக்கும். செத்துப்போன நாய்தானே, வந்து கேக்கவா போகுதுன்னு...”

“கடிச்ச நாயோட காகிதம்?” டாக்டரம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

“அதுவும் அப்படித்தான்.”

“மத்ததெல்லாம்?”

“இரும்பன்னு எழுதின எல்லாமே.”

நான் ஊசித் தட்டை டமாலென்று மேசை மேல் வைத்தேன். முப்பத்திரண்டு வருடம்! வாயைத் திறந்தால் ரத்தம், வம்சம், பரம்பரை என்று எங்கள் காதில் ரத்தம் வரும்வரை பேசிய மனிதர். அவர் பேச்சை நம்பி, எத்தனையோ வீடுகளில் ‘பயப்படாதீங்க, இரும்பன் ரத்தம் மனுஷனைக் கடிக்காது’ என்று நானே சொல்லியிருக்கிறேன். கடித்த நாயின் வீட்டிலும் யாரோ அப்படிச் சொல்லித்தான் அதைக் கட்டாமல் விட்டிருப்பார்கள். அந்த மீட்டர்காரரின் கை கண் முன்னால் வந்து நின்றது. டாக்டரம்மா இருக்கிறார் என்று கூடப் பார்க்காமல், “மாமா, உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?” என்று கத்திவிட்டேன்.

உத்தரவை மாற்ற வேண்டுமானால் நகராட்சிக் கூட்டம் கூட வேண்டும், அது அடுத்த மாதம்தான். அதற்குள் கெடு முடிந்துவிடும். டாக்டரம்மா தொலைபேசியில் ஒரு மணி நேரம் மன்றாடி ஒரு வழி கண்டுபிடித்தார். காகிதம் பொய் என்று எழுதியவரும், என் நாய் இரும்பன் வம்சம் இல்லை என்று சொந்தக்காரரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்த நாய் பட்டியலிலிருந்து நீங்கிவிடும்.

மாமா வீடு வீடாகப் போனார். சிலர் கதவைச் சாத்தினார்கள், சிலர் சட்டையைப் பிடித்தார்கள், ஒருத்தர் வீட்டில் காறித் துப்பினார்கள். ஆனால் நாயின் உயிராயிற்றே, எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். மகள் முதல் ஆளாகப் போட்டாள். போட்டுவிட்டு, “அப்பா, இனிமே என் வீட்டுல எதைப் பத்தியும் கதை சொல்லாதீங்க” என்றாள். மாமா தலையாட்டிவிட்டு வந்தார். கடைசி நாளன்று இருபத்திரண்டு தாள்கள் சேர்ந்திருந்தன. பாக்கி பஞ்சர் கடைக்காரர் மட்டும்தான்.

நான்கு தடவை மாமா அந்தக் கடைக்குப் போயிருந்தார். நான் ஒரு தடவை போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் முரட்டு ஆள் இல்லை. பஞ்சர் இல்லாத டியூபை எடுத்துப்போனால், பஞ்சர் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற மனிதர். கடைசி நாள் பிற்பகல் அவரே சிட்டுவைக் குளிப்பாட்டிக் கூட்டிக்கொண்டு வந்தார். பின்னாலேயே மாமா, கையில் அந்தத் தாளோடு ஏறக்குறைய ஓடி வந்தார்.

“தம்பி, ஒரே ஒரு கையெழுத்துப்பா. உன் காலுல வேணும்னாலும் விழறேன்.”

“அண்ணே, நீங்க பெரியவரு. அப்படியெல்லாம் பேசாதீங்க” என்றார் பஞ்சர் கடைக்காரர். அவர் கண் ஏற்கனவே சிவந்திருந்தது. “உங்க பொண்ணு நாயைக் காப்பாத்த நீங்க இந்தப் பழியை உங்க தலையில போட்டுக்கிறீங்க. எனக்கு ஒரு பொண்ணு இருந்து, அது நாய்க்கு இப்படி வந்தா நானும் இதையேதான் செய்வேன்.”

“இல்லப்பா, சத்தியமா! இரும்பன்னு ஒரு சண்டை நாயே கெடையாது!”

“எங்கப்பா நேர்ல பாத்திருக்காருண்ணே. முக்கால் மணி நேரம் சண்டை. காது கிழிஞ்சு தொங்கியும் விடலையாம். சாகறவரைக்கும் சொல்லிட்டிருந்தாரு. எங்கப்பா பொய்யா சொன்னாரு?”

மாமா என்னவென்று சொல்வார்? அந்தச் சண்டையை முதலில் இட்டுக்கட்டிச் சொன்னதே மாமாதானே.

நான் குறுக்கே போனேன். “நான் சொல்றதையாவது கேளுங்க. பொய்யோ நெசமோ, கையெழுத்துப் போட்டா நாய் பொழைக்கும். இவ இதுவரைக்கும் ஒரு ஈயைக் கூடக் கடிச்சதில்லையே?”

“அக்கா, அந்த நாயும் அதுவரைக்கும் யாரையும் கடிச்சதில்லையாம். வீட்டுல எட்டு மாசக் கைக்குழந்தை இருக்கு. இவ பக்கத்துலதான் தவழுது. யாருக்காவது குடுத்துடலாம்னா, அந்த வீட்டுலயும் ஒரு குழந்தை இருக்கும். தெரிஞ்சே ஒரு பொய்க்குக் கையெழுத்துப் போட்டுட்டு, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிப்பேன்?”

டாக்டரம்மா தன்னால் முடிந்ததைச் சொல்லிப் பார்த்தார். வம்சத்தை வைத்து ஒரு நாய் கடிக்கும், கடிக்காது என்று யாரும் சொல்லிவிட முடியாது, வளர்ப்பு இருக்கிறது, கட்டிப்போடுவது இருக்கிறது என்றெல்லாம் பொறுமையாக விளக்கினார். பஞ்சர் கடைக்காரர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்து, சிட்டுவைத் தூக்கி மேசை மேல் வைத்தார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஊரிலேயே பொய் சொல்லத் தெரியாத ஒரே மனிதர், ஊரிலேயே பெரிய பொய்யை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மருந்தை ஊசியில் ஏற்றியது நான். போட்டது டாக்டரம்மா. பஞ்சர் கடைக்காரர் சிட்டுவின் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அதன் காதில் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். அது அவர் மோவாயை நக்கிக்கொண்டிருந்தது. பிறகு நக்கவில்லை.

மாமா கதவோரம் தரையில் உட்கார்ந்து, கையெழுத்தில்லாத தாளை மடியில் வைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

பஞ்சர் கடைக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நேராக மாமாவிடம் போய்க் குனிந்து, அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“அழாதீங்கண்ணே. நீங்க என்ன பண்ணுவீங்க? ரத்தம் அப்படி” என்றார்.