கையில் சிலேட்டோடு ஒருத்தி

முதியோர் கல்விப் பாடநூலின் அட்டைக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. மும்பை தாராவியில் சாயங்கால வகுப்பு தொடங்கவிருந்த, பக்கத்து மாட்டுங்காவின் வசதியான தமிழர்களின் சின்னக் குழு ஒன்றுக்கு நான்தான் போட்டோ எடுத்து அட்டை செய்து கொடுத்தேன். முகமும் தாராவியிலேயே கிடைத்தது. தோல்பை தைக்கும் பட்டறையில் ஒரு பெண். திருநெல்வேலிப் பக்கம், பத்தாவது படித்தவள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்களுக்குத் தமிழ்ப் பேப்பரைக் கடகடவென்று வாசித்துக் காட்டுவாள். அந்த வகுப்புக்கு டீச்சராகிவிட வேண்டும், தோலையும் பசையையும் விட்டுத் தொலைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. நான் குழுவுக்கு வேண்டியவள் என்பதால்தான் படத்துக்கே உட்கார்ந்தாள்.

கையில் சிலேட்டைக் கொடுத்தேன்.

"யக்கா, எனக்குத்தான் வாசிக்கத் தெரியும்லா, இது எதுக்கு?"

"சும்மா, படத்துக்குத்தான்."

பொய். சிலேட்டு இல்லாத படத்தில் அவள் டீச்சர் மாதிரியே இருந்தாள். அது எனக்கு உதவாது. சிலேட்டைக் கொடுத்துத் தலையைக் கொஞ்சம் குனியச் சொன்னதும் பாதிக் காரியம் முடிந்தது. தலைக்கு மேல் பெரிய எழுத்தில் 'நானும் படிப்பேன்' என்று போட்டேன், மீதியும் முடிந்தது. பத்தாவது படித்தவளைக் கைநாட்டு ஆக்க எனக்கு இரண்டே வார்த்தை போதுமாக இருந்தது. வெட்கப்பட்டேனா என்றால், இல்லை. அட்டை பிரமாதமாக வந்திருந்தது, எனக்குத் தலைகால் புரியவில்லை.

புத்தகம் வந்த வாரமே டீச்சர் வேலைக்கு நேர்முகம். இஸ்திரி போட்ட புடவையில் வந்தாள். எதிரே குழுவில் மூன்று பேர். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொந்தப் பெயரை எழுதுவதே ததிங்கிணத்தோம். ஓரத்தில் நான்.

"அட, நம்ம அட்டைப்படம்!" என்று சிரித்தார் தலைவர். "கிளாஸ்ல சேரணுமாம்மா?"

டீச்சர் வேலைக்கு வந்ததாகச் சொன்னாள். மார்க் ஷீட் ஒரு மழையில் ஊறிப் போயிருந்தது. அதனால் மேசையில் கிடந்த அந்தப் பாடநூலையே எடுத்து, கடைசிப் பாடத்தைப் பிரித்து, ஒரு பக்கம் முழுவதையும் திக்காமல் திணறாமல் வாசித்தாள்.

தலைவர் கைதட்டினார். "பேஷ்! ஒரே வாரத்துல இவ்வளவா! புஸ்தகம் நன்னா வேலை செய்யறதே!"

அவள் என் பக்கம் திரும்பினாள். "யக்கா, நீங்களாவது சொல்லுங்க."

நான் உண்மையைச் சொன்னால் அட்டை பொய்யாகிவிடும்.

"சீக்கிரமா கத்துக்கிட்டா சார்," என்றேன்.

வகுப்பின் முதல் மாணவியாக அவள் பெயரை எழுதிக்கொண்டார்கள்.