இருபத்தொன்பதாம் இலக்கத்தின் பத்திரிகைக் காசு

அன்று எட்டாம் வகுப்பு 'பி' பிரிவிலிருந்து வந்தவர்கள் ஏழு பேர். பொகவந்தலாவை பஸ்ஸில் கண்டக்டராக ஓடியவன், தோட்டத்து ஆபீஸில் கிளாக்கராகிவிட்டவன், ஹட்டனில் பேக்கரி வைத்திருந்தவன், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்த வாத்தியார் ஒருவர், ஒரே வீட்டுக்கு மருமகள்களாகப் போய் ஒரே மலையில் கொழுந்தெடுத்த இரண்டு பேர், அப்புறம் நான். எங்களுக்கு எதிரே, பழைய வரவுப் பதிவு இடாப்பை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு எங்கள் வகுப்பாசிரியர். மற்ற ஆறு பேரும் வந்தது சரி. நான் வந்தது சரிதானா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

எண்பத்தாறாம் ஆண்டின் பழைய மாணவர் தினம் அது. நான் எட்டாம் வகுப்பின் நடுவில் படிப்பை விட்டவள். அப்பா காலை ஒடித்துக்கொண்டு படுத்துவிட, தம்பி தங்கைகளைப் பார்க்க ஆள் இல்லாமல், ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. அவ்வளவுதான். விலகுகிறேன் என்று யாரிடமும் சொல்லவுமில்லை. பதினோரு வருஷம் கழித்து, பழைய மாணவர் சங்கத்தின் உறுப்புரிமைப் படிவம் ஒன்று கைக்கு வந்தது. எல்லாக் கோடுகளையும் நிரப்பிவிட்டேன், கடைசிக் கோட்டைத் தவிர. அதில், பள்ளியை விட்டு விலகும்போது கொடுக்கும் விடுகைப் பத்திரத்தின் இலக்கம் கேட்டிருந்தார்கள். என்னிடம் பத்திரமே இல்லை.

ஒரு கிழமையாகத் தூக்கம் போனது. படிப்பை முடிக்காதவள் பழைய மாணவியா? எல்லாருக்கும் முன்னால் எழுப்பி அனுப்பிவிட்டால்? வீட்டுக்காரரிடம் கேட்டேன். தொரத்துனா அடுத்த பஸ்ஸ புடிச்சு வந்துரு, பருப்பு நான் வேகவச்சிருக்கேன் என்றார்.

எங்கள் வகுப்புச் சேர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வகுப்பில் ஒரே பெயரில் நான்கு பேர் இருந்ததால், இலக்கம்தான். இடாப்பு முடிந்ததும் ஏதாவது ஓர் இலக்கத்தைச் சொல்வார். அந்த இலக்கக்காரர் எழுந்து உலகச் செய்தி ஒன்று சொல்ல வேண்டும். அதற்காகவே வகுப்புக்கு ஒரு பத்திரிகை வாங்கினோம். தலைக்கு மாதம் இருபத்தைந்து சதம். பழைய மாணவர் தினத்திலும் இதே முறைதான். முதலில் பழைய இடாப்பு, அடுத்து உலகச் செய்தி, அதற்குப் பிறகுதான் மட்டையால் பந்தடித்து ஓடும் எல்லே விளையாட்டும் பனிஸும் தேத்தண்ணியும்.

வருஷத்தின் நடுவில் விலகியவர்களின் பெயரைச் சேர் சிவப்பு மையால் வெட்டுவார். இந்தியாவுக்குக் கப்பலேறிய பிள்ளைகளின் பெயர்கள் அப்படித்தான் வெட்டப்பட்டன. அன்று அவர் கூப்பிடும்போது ஐந்துக்கு அடுத்து எட்டு வந்தது. பதினொன்றுக்கு அடுத்து பதின்மூன்று. வெட்டிய பெயர்களைத் தாண்டித்தான் கூப்பிட்டார். என் இலக்கம் இருபத்தொன்பது.

"இருபத்தெட்டு."

"வந்தேன் சேர்" என்றான் கிளாக்கர்.

சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு தாளுக்குக் கிட்டக் குனிந்தார். பின் வாங்கிலிருந்து கண்டக்டர் மெதுவாகச் சொன்னான்: "டிக்கட் எடுக்காம ஏறிட்டியா புள்ள? அடுத்த ஹோல்ட்ல எறக்கி விட்டுருவேன்."

"இருபத்தொன்பது."

இரண்டாம் தடவை கூப்பிட்ட பிறகுதான் வந்தேன் சேர் என்றேன்.

"பதினோரு வருஷமா லீவு லெட்டர் வரலியே?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அது வேடிக்கை என்று உறைக்கவில்லை. எழுந்து நின்றேன்.

"அப்பாவுக்குக் கால் ஒடஞ்சிருச்சு சேர்."

"இப்ப எப்பிடி இருக்காரு?"

"நல்லா நடக்கிறாரு சேர்."

மருமகள்கள் இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினார்கள்.

அடுத்தது உலகச் செய்தி. ருசியாவில் அணு உலை வெடித்த செய்தியைத்தான் நான் மூன்று நாளாகப் பாடமாக்கி வைத்திருந்தேன். முதலில் கூப்பிடப்பட்ட கிளாக்கர் அதையே எடுத்துச் சொல்லிவிட்டான். பேக்கரிக்காரன் மெக்ஸிகோவில் நடந்த உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தைச் சொன்னான். மூன்றாவதாக என் இலக்கம். கையில் வேறு செய்தி இல்லை.

வேறு வழியில்லாமல் என் கதையைச் சொன்னேன். நான் அப்போது தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை. தாய்மார் மலைக்குப் போனதும் இருபத்திரண்டு பிள்ளைகளுக்குப் பால் கரைத்துக் கொடுப்பது என் பொறுப்பு. வெடித்த புகை புல்லில் படிந்து, மாட்டுப் பாலில் இறங்கி, வெளிநாடுகளில் பாலைக் கீழே ஊற்றுகிறார்கள் என்று ரேடியோவில் கேட்டதிலிருந்து பால்மா மூட்டையைத் தொடவே பயம். பிள்ளைகளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். நாலாம் நாள் தோட்டத்து மருந்து ஐயாவை மடுவத்துக்குக் கூட்டிவந்து காட்டினேன். அவர் மூட்டையைப் புரட்டி, அடியில் அச்சடித்திருந்ததைப் படித்துவிட்டு, இது வெடிக்கிறதுக்கு முந்தின வருஷத்து மா என்றார். பிறகுதான் பால் கொடுத்தேன்.

"அந்த மூட்ட முடிஞ்சா?" என்று கேட்டார் சேர்.

"அதத்தான் சேர் யோசிச்சிக்கிட்டு இருக்கேன்."

சிரிப்பு அடங்கியபின், இது எந்தப் பத்திரிகையிலும் வராத உலகச் செய்தி, உட்கார் என்றார்.

மற்றவர்கள் எல்லே விளையாட மைதானத்துக்கு இறங்கினார்கள். நான் படிவத்தை நீட்டி, கடைசிக் கோட்டைக் காட்டினேன். பத்திரம் இல்லை, நான் சங்கத்தில் சேரலாமா, சேரக் கூடாதென்றால் போய்விடுகிறேன் என்றேன். சேர் இடாப்பை என் பக்கம் திருப்பினார். என் பெயர் நீல மையில் முழுசாக இருந்தது. அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு: பத்திரிகைக் காசு, ஏழு மாதம் பாக்கி.

"பாக்கி உள்ள ஆளுக்கு விடுகைப் பத்திரம் எழுத ஏலாது. பத்திரம் எழுதாம பேர வெட்டவும் ஏலாது" என்றார்.

காசு பாக்கி என்றதும் எனக்கு வேர்த்துவிட்டது. அவசரமாகக் கைலேஞ்சித் துணியின் முடிச்சை அவிழ்த்து இரண்டு ரூபாயை மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. மேசை லாச்சியைத் திறந்து சிவப்பு மைப் பேனாவை எடுத்து, நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கட்டுறதுன்னா கட்டு. பத்திரம் எழுதித் தாறேன். ஆனா இன்னைக்கே உன் பேர வெட்டிருவேன். அடுத்த வருஷம் இருபத்தெட்டுக்கு அப்புறம் முப்பதுன்னுதான் கூப்பிடுவேன்."

நான் நோட்டையும் பார்த்தேன், பேனாவையும் பார்த்தேன். கடன் வைத்திருப்பது எனக்கு ஆகாது. கடைக் கடன் கொப்பியில் ஐந்து சதம் நின்றாலும் மறு நாளே ஓடிப்போய்க் கட்டுகிறவள் நான். ஆனால் அன்று நோட்டை எடுத்து மறுபடியும் முடிந்துகொண்டேன். சேர் என் படிவத்தை வாங்கி, கடைசிக் கோட்டில் 'இடாப்பில் உள்ளார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த இரண்டு ரூபாய்க்குப் பிள்ளை மடுவத்துக்கு டொபி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். டிக்கட் எடுத்துத்தான் ஏறினேன். அதற்குப் பிறகு ஒரு வருஷமும் நான் தவறவில்லை. சேர் ஓய்வு பெறும்வரை என் இலக்கத்தைக் கூப்பிட்டார். கூப்பிட்டு முடித்ததும் பாக்கியையும் எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். நான் இன்னும் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கவேண்டியது ஒரு ரூபாய் எழுபத்தைந்து சதம்.