ஃபரீதாவின் எட்டே முக்கால் போன்

ஐந்து கிளைகளிலும் இருக்கிற நம் ஆட்களுக்கு,

செய்தி வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது ஃபரீதா போட்டு வைத்த முறைப்படியே வந்தது. அன்று காலை ஒன்பது மணிக்கு வேலூர் தலைமை அலுவலகத்தில் கம்ப்யூட்டரைத் திறந்துகொண்டிருந்தேன். ஆம்பூர் கிளையிலிருந்து இலியாஸ் பாய் கூப்பிட்டார். 

"இன்னைக்கு ஆம்பூர் போஸ்ட்ட தள்ளி வெச்சிடும்மா."

"ஏன் பாய்?"

"தெருவுல மவுத்து."

"யாரு பாய்?"

"நம்ம ஃபரீதாம்மா" என்றார்.

விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்தவள் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறாள். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. வயது நாற்பத்தொன்று. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, ஆம்பூர் பக்கத்தில் வர வேண்டிய விளம்பரப் பதிவைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் அழுதேன். வேலையை முடிக்காமல் அழுதிருந்தால் அவளுக்குப் பிடித்திருக்காது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. செருப்பும் ஷூவும் தோல் பையும் விற்கிற நம் கடைக்கு வேலூர் லாங் பஜார், ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர், கலவை என்று ஐந்து கிளை. கிளைக்கு ஒன்றாக இணையத்தில் ஐந்து பக்கம். விளம்பரப் படத்தை வரைகிறவள் நான். எந்தப் படம், எந்தக் கிளையின் பக்கத்தில், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று முன்கூட்டியே நேரம் குறித்து வைக்கிறவள் ஃபரீதா. எதிரெதிர் மேசை, ஏழு வருடம். இறந்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். நான் உள்ளதைச் சொல்கிறேன்: அவள் என் பிராணனை வாங்கினாள். நான் சொன்ன நேரத்தை ஒரு நாளும் அப்படியே குறித்ததில்லை.

வாணியம்பாடிக் கிளையில் இருப்பவர்களுக்கு அந்த நாள் மறந்திருக்காது. ஃபரீதா விடுப்பில் இருந்தாள். நான் "இன்று கொண்டாட்டம்" என்று கொட்டை எழுத்தில் ஒரு படம் செய்து, எல்லாக் கிளைக்கும் என்கிற பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்திவிட்டேன். காலை பத்து மணிக்கு ஐந்து ஊரிலும் வந்தது. அதே பத்து மணிக்கு வாணியம்பாடிக் கடையிலிருந்து மூன்றாவது வீட்டுப் பையனின் உடலைச் சுமந்த ஜனாஸா, கடை வாசலைத் தாண்டிப் போனது. தோல் பதனிடும் ஷெட்டில் தொட்டி கழுவ இறங்கியவன், ஏறி வரவில்லை. நம் பக்கத்தைப் பார்ப்பவர்கள் எல்லாம் அந்தத் தெருக்காரர்கள்தான். மறுநாள் பையனின் சித்தப்பா வந்து போனைக் கல்லாமேல் வைத்து, "இன்னா கொண்டாட்டம் உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். மேனேஜர் செல்வம் உடனே ஃபரீதாவுக்குப் போன் போட்டார்.

சேதி கேட்டதும் ஃபரீதா விடுப்பை விட்டுவிட்டு அந்த வீட்டுக்குப் போனாள். "மெஷின்ல தானா வந்துடுச்சுன்னு சொல்ல வேண்டியதுதானே" என்று போனில் நான் சொன்னேன். எனக்குப் பயம். அவள் சொன்னாள்: "அது பொய்க்கா. டைம் குறிச்சது நம்ம கை. மெஷினுக்கு இன்னா தெரியும்." அந்த வீட்டில் அவள் என் பெயரைச் சொல்லவில்லை. நாங்கள்தான் போட்டோம் என்று சொல்லி, பையனின் அம்மா பக்கத்தில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த நாளே நம் அட்டவணையில் ஒரு புதுக் கட்டம் வந்தது. தலைப்பு, 'தெரு'. காலை எட்டே முக்காலுக்கு, ஆம்பூரிலிருந்து வேலூர் வருகிற பஸ்ஸில் உட்கார்ந்தபடி, ஐந்து கிளைக்கும் வரிசையாகப் போன் போடுவாள். "தெருவுல இன்னிக்கு இன்னா?" இதுதான் கேள்வி. சாவு, சண்டை, கரண்ட் இல்லை, பள்ளிக்கூடத்தில் ரிசல்ட், எதுவானாலும் கிளை சொன்னால் தள்ளி வைப்பாள். ஆம்பூர், வாணியம்பாடிப் பதிவுகள் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த பிறகு. திருப்பத்தூருக்குச் சந்தை கலைந்த பிறகு. லாங் பஜாருக்குக் காலையில் கிடையவே கிடையாது. கைவண்டிக்கு நடுவில் நின்று போனைப் பார்க்கிறவன் காலை உடைத்துக்கொள்வான், அப்புறம் செருப்பு எதற்கு என்பாள்.

அவள் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. கிளை சொன்னால் எதிர்க்கேள்வி கிடையாது. இதைக் கலவைக் கிளை முனுசாமி எப்படிப் பயன்படுத்தினார் என்று அவருக்கே தெரியும். ஒரு நாள் பக்கத்து டீக்கடைக்காரரின் எருமை செத்துப்போய்விட்டது, பதிவைத் தள்ளி வையுங்கள் என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஃபரீதா கட்டத்தில் 'எருமை' என்று எழுதிக்கொண்டாள்.

"எருமைக்கெல்லாமா தள்ளுவ?"

"அந்தாளு அத வெச்சுத்தான்கா டீ ஆத்தறான். தெருவே சோகமா இருக்குதாம். நாளைக்கி போட்டா ஷூ ஊசிப்போயிடுமா?"

சென்னையிலிருந்து ஓர் ஆலோசனைக்காரரைச் சின்ன முதலாளி கூட்டிவந்தது இந்த வருடம். ஒரே கடை, ஒரே குரல், ஒரே நேரம் என்று சுவரில் படம் காட்டினார். தெருக் கட்டத்தைச் சுட்டி, இது என்ன குப்பை என்று கேட்டார். ஃபரீதா மரியாதையாகத்தான் கேட்டாள்: "திருப்பத்தூர்ல இப்ப கரண்ட் இருக்குதா சார்?" அவருக்குத் தெரியவில்லை. "தெரியாத ஊருக்கு எப்படி சார் டைம் குறிப்பீங்க?" அவர் சின்ன முதலாளியைப் பார்த்தார். சின்ன முதலாளி கூரையைப் பார்த்தார்.

ஒரு வாரத்தில் தாள் வந்தது. ஒன்றாம் தேதியிலிருந்து ஐந்து கிளைக்கும் ஒரே நேரம். மாற்ற வேண்டுமென்றால் சென்னை அனுமதி. மீறினால் வேலை இல்லை. நாங்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும்.

இதை உங்களில் யாரும் அறிய மாட்டீர்கள், அவள் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். நான் கையெழுத்துப் போட்டேன். அவள் போடவில்லை. "வேலைய விட்டு அனுப்பறதுன்னா அனுப்புங்க சார். காலைல போன் நிக்காது. அது என் போன், என் பேலன்ஸு" என்று சின்ன முதலாளியின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து, "போட்டுட்டியாக்கா. சரி. உனக்கு பசங்க படிக்குதுங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. அதன் பிறகு அவள் இருந்தது ஒன்பது நாள். ஒன்பது நாளும் எட்டே முக்காலுக்குப் போன் போட்டாள், தள்ள வேண்டியதைத் தள்ளினாள். நான் பார்க்காதது போல் இருந்தேன்.

பத்தாம் நாள்தான் இலியாஸ் பாய் கூப்பிட்டது. அன்று ஆண்டு விழாத் தள்ளுபடி, சென்னைத் தாளின்படி ஐந்து கிளைக்கும் பத்து மணிக்குக் குறித்த பதிவு. ஆம்பூரைத் தள்ளிவிட்டு அழுதுகொண்டிருக்கையில் வாணியம்பாடிச் செல்வம் கூப்பிட்டார். "எங்க தெருவுலயும் சாவுக்கா. தள்ளி வைங்க." யார் என்று கேட்டேன். "அதே ஆளுதான்" என்றார். திருப்பத்தூர் கூப்பிட்டது. லாங் பஜார், கீழ்த் தளத்தில் இருப்பவர்கள், மாடியேறி வந்தே சொன்னார்கள். கடைசியாக முனுசாமி. "தெருவுல..." என்றார். போதும் என்றேன்.

மணி ஒன்பதே முக்கால். என் கையெழுத்து சின்ன முதலாளியின் மேசையில் இருந்தது. என் பையனுக்கு அந்த மாதம்தான் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. நான் ஐந்தையும் நிறுத்தினேன்.

பத்தே காலுக்கு ஆலோசனைக்காரர் போனில் வந்தார். "ஆம்பூர்ல ஒரு ஸ்டாஃப் இறந்தா கலவை போஸ்ட்ட ஏன் நிறுத்தினீங்க? என்ன லாஜிக் இது?"

"கலவைல எருமைக்கே தள்ளி வெச்சிருக்கோம் சார்" என்றேன்.

அவருக்குப் புரிந்திருக்காது. புரியவும் வேண்டாம். சரி, அடையாள அட்டையிலிருந்து அவள் படத்தை எடுத்து, கடைச் சின்னத்தோடு ஓர் இரங்கல் பதிவு செய்து, பதினொன்றுக்கு ஐந்து பக்கத்திலும் ஒரே நேரத்தில் வருகிற மாதிரி குறித்துவிடுங்கள் என்றார். தன் முகத்தை ஒரு விளம்பரத்திலும் போடக்கூடாது என்று ஏழு வருடம் சொன்னவள் அவள். அதைச் செய்ய மாட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, ஆம்பூர் பஸ் ஏறினேன்.

மற்றதெல்லாம் நீங்களும் பார்த்ததுதான். அரை ஷட்டரை இறக்கிவிட்டு ஐந்து கிளையிலிருந்தும் வந்திருந்தீர்கள். வாணியம்பாடிப் பையனின் சித்தப்பாவும் வந்து, ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்தார். நான் உள்ளே பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். அவள் தங்கை என் கையைப் பிடித்து, "தெனம் சண்ட போடுற அக்கா நீங்கதானா? உங்களப் பத்தி பேசாம சாப்பிடமாட்டா" என்றாள். அவள் வீட்டில் என் கையெழுத்தைப் பற்றிச் சொன்னாளா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

போன வாரம் சின்ன முதலாளி விளக்கம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன்: "ஐந்து கிளைகளும் தங்கள் தெருவில் சாவு என்றன. விசாரித்தேன், உண்மை. ஆகவே நிறுத்தினேன். முன்பு அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டது என் தவறு. அதைத் திரும்பப் பெறுகிறேன்." அவர் படித்துவிட்டு, யோசிக்கிறேன் என்றார். யோசிக்கட்டும்.

அட்டவணையிலிருந்து தெருக் கட்டத்தைச் சென்னையில் தினம் சாயங்காலம் நீக்குகிறார்கள். தினம் காலையில் நான் சேர்க்கிறேன். ஃபரீதா விட்டுப்போனதில் நான் வைத்துக்கொண்டது அந்தக் கட்டமும் அந்த நேரமும்தான். நாளைக் காலை எட்டே முக்காலுக்கு உங்கள் போன் அடிக்கும். எடுத்து, தெருவில் என்ன என்று சொல்லுங்கள். எருமையானாலும் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.

மங்கை