ஏற்றிவிட ஆளில்லாத மூட்டை

செஞ்சியில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மண்டியில் நான் மூட்டை தூக்கிய காலத்தில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. மூட்டையைத் தனியாக எவனும் முதுகில் ஏற்றிக்கொள்ள முடியாது. இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கி, மூன்றாமவன் முதுகில் வைக்க வேண்டும். சண்டைக்காரனாக இருந்தாலும் ஏற்றிவிட்டுத்தான் மறுபடி சண்டை போடுவோம்.

எட்டு வருஷமாக எனக்கு ஏற்றிவிட்டவர், சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வரும் ஓர் அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை, ஆனால் எனக்கு அவர்தான் அண்ணன். மூட்டை தூக்குகிறவர்களுக்கென்று சங்கம் ஆரம்பித்தவர்களும் நாங்கள் இருவர்தான். நாலெழுத்து படித்தவன் என்று என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.

அறுபதுகளின் நடுவில், சங்கத்துக்குப் பின்னால் இருந்த கட்சி இரண்டாக உடைந்தது. ஏன் உடைந்தது என்று இன்றுவரை எனக்கு முழுசாகப் புரியவில்லை. வெளிநாட்டு விவகாரம் என்றார்கள். மல்லாட்டை தூக்குகிறவனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தமோ! கட்சி உடைந்தால் சங்கமும் உடைய வேண்டுமாம். மண்டி வாசலில் இரண்டு கொடிக்கம்பங்கள் நின்றன. அண்ணன் அந்தப் பக்கம் போனார், நான் இந்தப் பக்கம் இருந்தேன்.

விழுப்புரத்திலிருந்து எங்கள் கட்சிக்காரர் ஒருவர் வந்தார். அவர்கள் ஆளுக்கு நம் ஆள் ஏற்றிவிடக் கூடாது என்று டீ குடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். வாழ்நாளில் ஒரு மூட்டையைத் தொட்டவரில்லை அவர். அதைத் தாளில் எழுதி எல்லோருக்கும் படித்துக் காட்டியவன் நான்தான்.

பங்குனியில் மண்டி நிறைந்து கிடந்தது. ஒரு நாள் அவர்கள் பக்கம் ஆள் குறைவு. அண்ணனுக்கு ஒரு முனை பிடிக்கத்தான் ஆள் இருந்தது. நான் பத்தடி தள்ளி நின்றிருந்தேன்.

"தம்பி, அந்த முனையப் புடி."

"சங்கத்துல முடிவு பண்ணிட்டாங்கண்ணா."

"இன்னாடா சங்கம்? நீயும் நானும் வெச்சதுதானே."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரே மறுமுனையைத் தூக்கித் தன் முதுகுக்குத் தள்ளப் பார்த்தார். மூட்டை சரிந்து அவர் இடுப்பின் மேல் விழுந்தது. அவர் அலறியதும் ஓடினேன். இரண்டு சங்கத்து ஆட்களும் சேர்ந்துதான் அவரைக் கட்டைவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அடுத்த வருஷம் கூலி உயர்வு கேட்க வேண்டியிருந்தது. விழுப்புரத்துக்காரர் மறுபடி வந்தார். மேலிடத்தில் பேசி முடித்துவிட்டார்களாம், இனி இரண்டு சங்கமும் சேர்ந்து வேலை செய்யலாமாம். அதையும் நான்தான் எழுதினேன். மூட்டை தூக்கிய களைப்பு தூங்கினால் போய்விடும். அன்று வந்த களைப்பு இன்னும் போகவில்லை.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சிங்கவரம் போனேன். இடுப்பு அடிபட்டதிலிருந்து எழுந்து நடக்காத அண்ணன் கட்டிலில் படுத்திருந்தார். வெட்கங்கெட்டுப் போய், முழுவதையும் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார்.

"சேந்து தூக்கலாம்னு சொல்லிட்டாங்களா?"

"ஆமாண்ணா."

"அப்போ வா. ரொம்ப நேரமா படுத்தே இருக்கேன், ரெண்டு பேருமா செத்த உக்கார வைங்க."

அண்ணி ஒரு பக்கம் வந்து நின்றார். நான் தாளைக் கீழே வைத்துவிட்டு மறுபக்கம் போய்ப் பிடித்தேன்.