மேஸ்திரி நிமிர்த்திய கட்டடம்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் சிமெண்டைத் தொட்டதில்லை, கொத்துக்கரண்டி பிடித்ததில்லை. ஆனால் அந்த வீடு கட்டி விற்கும் கம்பெனியின் விளம்பரங்களில் வந்த சுவர்களையெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நிமிர்த்தியவள் அவள்தான். "நாம கட்டுறதை விட மேஸ்திரி கட்டுறதுதான்யா நேரா இருக்கு" என்பார் சைட் இன்ஜினியர். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அதற்கு முன்பு கல்யாண போட்டோ எடுக்கும் ஸ்டூடியோவில் இருந்தாள். அங்கே அவளுக்கு இடுப்பைச் சுருக்குவதும் இரட்டைத் தாடையைக் கரைப்பதும் வேலை. வட்டமான தூரிகையை வைத்து மவுஸால் தள்ளினால் போதும், படத்தில் உள்ள சதை பிசைந்த மாவு மாதிரி நகர்ந்து கொடுக்கும். ஒருமுறை மணப்பெண்ணின் இடுப்போடு பின்னால் இருந்த கதவு நிலையும் வளைந்துபோக, மாப்பிள்ளை வீட்டார் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பெண் வீட்டாருக்கு மானம் போயிற்று, அவளுக்கு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அவள் எதையும் தள்ளுவதில்லை.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, தம்பியைப் படிக்க வைத்து ஆளாக்கியவள் அவள். அவளுடைய கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால், "என் இடுப்பை யாரு சுருக்குறதாம்?" என்று சிரித்து நழுவிவிடுவாள். தம்பிக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்த பிறகு, தன் கம்பெனி கட்டிய ஆறு மாடிக் கட்டடத்தில் அவளே முன்னின்று நான்காம் மாடியில் அவனுக்குச் சொந்தமாக ஒரு வீடு பார்த்துக் கொடுத்தாள். குளத்தைத் தூர்த்த இடம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். ஊரில் பாதி அப்படித்தானே என்று விட்டுவிட்டாள்.

மிச்ச வீடுகளை விற்பதற்காக ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் கட்டடத்தைப் புதிதாகப் படம் எடுப்பார்கள். முதல் தடவை வந்த படத்தில் கட்டடம் லேசாகச் சாய்ந்திருந்தது. லென்ஸ் செய்கிற சேட்டை, எல்லாக் கட்டடத்துக்கும் உள்ளதுதான். படத்தின் மேல் கட்டம் கட்டமாக வலையை விரித்து, மூலையைப் பிடித்து இழுத்தாள். நிமிர்ந்துவிட்டது. அடுத்த மழைக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்தது. போட்டோகிராபர் கவனமில்லாமல் எடுத்திருக்கிறான் என்று திட்டிக்கொண்டாள்.

அதற்கடுத்த படத்தை நிமிர்த்தியபோதுதான் பக்கத்தில் இருந்த விளக்குக் கம்பத்தைப் பார்த்தாள். கட்டடம் நேராக வந்ததும் கம்பம் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. இழுத்ததை விட்டாள். கம்பம் நேரானது, கட்டடம் சாய்ந்தது. லென்ஸ் கோளாறு என்றால் இரண்டும் அல்லவா சேர்ந்து சாய வேண்டும்? பழைய படங்களைத் திறந்து கம்பத்தோடு கம்பம் வைத்து ஒப்பிட்டாள். வருஷத்துக்கு வருஷம் கம்பம் அசையாமல் நின்றது. சாய்ந்துகொண்டே போனது கட்டடம்தான்.

முதலாளியிடம் போனாள். "ஐயா, அந்தக் கட்டடம் ஒரு பக்கமா சாயுது."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார்.

"யாருகிட்டயாவது சொன்னியாம்மா?"

"இல்லைங்கய்யா."

"நல்லது. அது லென்ஸ் கோளாறு. நீ நிமிர்த்து, அதுக்குத்தானே உன்னை வச்சிருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "உன் தம்பி கூட அங்கதான இருக்கான்? நல்லா இருக்கானா?" என்றார்.

அவருக்கு எல்லாம் தெரியும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மறுநாள் போய் உட்கார்ந்தால், நிமிர்த்தாத படங்கள் ஒன்றுகூட அவளுடைய கம்ப்யூட்டரில் இல்லை.

நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். விஷயத்தைச் சொன்னதும் தம்பிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "நீ பார்த்துக் குடுத்த வீடுதானேக்கா? இப்ப வந்து விழப்போகுதுன்னா என்ன அர்த்தம்?"

தம்பி பெண்டாட்டிதான் மெதுவாக வாயைத் திறந்தாள். "அண்ணி, பால் எப்பவும் ஒரே பக்கமாத்தான் பொங்கி வழியுது. அடுப்புதான் சரியில்லைன்னு நினைச்சேன். பாத்ரூம் கதவையும் ரெண்டு தடவை சீவியாச்சு, இன்னும் சாத்த முடியலை."

இரண்டு பெண்களும் சணல் கயிற்றின் நுனியில் ஒரு பூட்டைக் கட்டி, பால்கனிச் சுவரை ஒட்டிக் கீழே இறக்கினார்கள். இலைகூட அசையாத மத்தியானம். மேலே சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த கயிறு இறங்க இறங்கச் சுவரைவிட்டு விலகிற்று. தரைக்குப் பக்கத்தில் பூட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் உடம்பை ஒடுக்காமல் நடந்து போகலாம் போலிருந்தது. குடியிருப்பவர்கள் கூடிவிட்டார்கள். சிலர் காற்று என்றார்கள். சிலர் தங்கள் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்கள். குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் கத்தரிக்கோலோடு வந்து கயிற்றை வெட்டினார். பூட்டு பொத்தென்று விழுந்தது.

"வெளியில தெரிஞ்சா இந்த வீட்டை எவன் வாங்குவான்? உங்களுக்குப் புண்ணியமா போகும், வாயை மூடிட்டு இருங்க."

அன்றைக்கே தம்பி பெண்டாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாத்தனாரின் ஒற்றை அறை வீட்டுக்கு வந்துவிட்டாள். தம்பி இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டுப் பின்னாலேயே வந்து சேர்ந்தான்.

நகராட்சியில் புகார் கொடுத்தாள். அதிகாரி நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். கம்பெனி ஏற்கெனவே கொடுத்திருந்த படங்களை மேஜையில் பரப்பினார். எல்லாம் அவள் கைவண்ணம்.

"பாருங்கம்மா, கட்டின வருஷம் எடுத்தது, போன மாசம் எடுத்தது. ஒரு நூல் கூட மாறலையே?"

"அது நான் நிமிர்த்தினது சார்."

"அப்ப இத்தனை வருஷமா நீங்க பண்ணினது பொய்ங்கிறீங்க. இப்ப சொல்றது மட்டும் நிஜம்னு நான் எப்படி எடுத்துக்கிறது?"

போனில் தான் எடுத்த படத்தைக் காட்டினாள். போனில் எடுத்தால் எல்லாமே சாயத்தான் செய்யும் என்றார். தூக்குக்குண்டு விட்டு அளந்து பார்க்கக் கெஞ்சினாள். ஆள் அனுப்புகிறோம் என்றார். யாரும் வரவில்லை. அவளுக்கு வேலை போனது மட்டும் சீக்கிரம் நடந்தது.

இப்போது அவள் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சின்னக் கடையில் பாஸ்போர்ட் படம் எடுக்கிறாள். மூக்கு கோணலாக இருந்தால் கோணலாகவே கொடுத்துவிடுகிறாள். கோபித்துக்கொண்டு போகிறவர்கள் போகிறார்கள். கயிற்றைப் பார்த்த குடும்பங்களில் சில காலி செய்துவிட்டன. மற்றவை அங்கேயே இருக்கின்றன.

ஒருநாள் தம்பி பெண்டாட்டி கடைக்கு ஓடிவந்தாள். "அண்ணி, அவர் அந்த வீட்டை வாடகைக்கு விட்டுட்டாராம். எனக்கே இப்பத்தான் தெரியும்."

கடையை அவளிடம் விட்டுவிட்டு அந்தக் கட்டடத்துக்கு ஓடினாள். வாசலில் சாமான் வண்டி நின்றது. இளம் தம்பதி. அந்தப் பெண் இடுப்பில் ஒரு குடத்தோடு வியர்த்துப் போய் நின்றாள்.

"இங்க குடி வராதீங்கம்மா. கட்டடம் சாஞ்சிட்டு இருக்கு."

"படத்துல பார்த்துட்டுத்தான் வந்தோம், நல்லா நேராத்தானே இருந்துச்சு?" என்றாள் அந்தப் பெண்.

"அந்தப் படம் நான் செஞ்சது."

கணவன் போனை எடுத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டான். சத்தமாக வைத்திருந்ததால் தம்பியின் குரல் அவளுக்கும் கேட்டது. "அது எங்க அக்கா சார். வேலை போனதுல இருந்து கொஞ்சம் மனசு சரியில்லை. ஒண்ணும் நினைச்சுக்காதீங்க."

அந்தப் பெண் அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்கக்கா" என்று சொல்லி, குடத்தோடு படியேறினாள்.

அவள் எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய் நின்றாள். நான்காம் மாடியில் யாரோ ஜன்னலைத் திறக்கப் பார்த்தார்கள். வரவில்லை. தோளால் முட்டும் சத்தம் தெரு வரை கேட்டது. நாலைந்து முட்டுக்குப் பிறகு ஜன்னல் திறந்துகொண்டது. புதுக்குடித்தனக்காரி தலையை நீட்டி, கீழே நின்றவளைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினாள். நிலைக்கு அடியிலிருந்து சுவர்ப்பூச்சு கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து கீழே விழுந்துகொண்டிருந்தது.